வீட்டு சிமுலேட்டரில் ஆப்பிரிக்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிளைட் சிமுலேட்டரில் ஆப்பிரிக்கா மேல் பறப்பதைப் பற்றி எங்கே பேசினாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பயணிகள் விமானத்தில் முப்பதாயிரம் அடியில் கண்டத்தைக் கடப்பது பற்றி இதில் எதுவும் இல்லை. சின்ன விமானத்தில், கீழே உள்ள நிலத்தைப் பார்ப்பதற்காகவே பறக்கிறவர்களுக்கானது இது.

எந்த சிமுலேட்டர் நல்லது? இலவசமா ஏதாவது இருக்கா?

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், ஃபிளைட்கியர் என்ற மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலானவர்கள் வைத்திருக்கிறார்கள். வெறும் சுற்றிப் பார்ப்பதற்கு மைக்ரோசாஃப்டுடையதுதான் என் தேர்வு. செயற்கைக்கோள் படத்தை இணையத்திலிருந்து இழுத்து உலகம் முழுக்கத் தரையில் விரித்துவிடுவதால், நமீபியாவின் சிவப்பு மணலும் நைல் கரையின் பச்சையும் நீங்கள் எதையும் தனியாகச் சேர்க்காமலே கிடைக்கும்.

எக்ஸ்-பிளேனில் விமானம் பறக்கும் உணர்வு அருமை. ஆனால் தரைப்படம் வேண்டுமென்றால் ஆர்த்தோ-ஃபோர்-எக்ஸ்பி மாதிரி ஒரு கருவியை வைத்து நீங்களே பகுதி பகுதியாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபிளைட்கியர் முழுக்க இலவசம், பழைய கணினியிலும் ஓடும். மலைகளும் ஏரிகளும் அதனதன் இடத்தில் இருக்கும், படம் மட்டும் எளிமையாக இருக்கும். கையில் எது இருக்கிறதோ அதில் ஆரம்பியுங்கள்.

ஜாய்ஸ்டிக் இல்லாம முடியுமா?

முடியும். கேம் கன்ட்ரோலர் போதும். கீபோர்டில் மட்டும் பறப்பது கைக்குச் சிரமம், விமானம் வெட்டி வெட்டித் திரும்பும். ஏதாவது வாங்குவதென்றால் முறுக்கினால் திரும்புகிற, இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நெம்புகோல் உள்ள சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்றே போதும். பெடல், பேனல் எதுவும் இந்த வகைப் பறத்தலுக்கு அவசியமில்லை.

என் நெட் ஸ்லோ. தரை எல்லாம் களிமண் மாதிரி தெரியுது. என்ன பண்றது?

படத்தை இணையத்திலிருந்து இழுக்கும் சிமுலேட்டர்களில் தரை தெளிவடைவதற்குள் நீங்கள் அதைத் தாண்டிவிடுகிறீர்கள். மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மெதுவான விமானத்தில் போங்கள். இரண்டு, தற்காலிகச் சேமிப்புக்கு, அதாவது கேஷுக்கு, வட்டில் தாராளமாக இடம் ஒதுக்குங்கள். மூன்று, ஒரே பகுதியில் மறுபடி மறுபடி பறங்கள். இரண்டாம் முறை போகும்போது பாதிப் படம் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கும். மூன்றாவது வழி வேறொரு காரணத்துக்காகவும் நல்லது, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரைக்கும் போகணும்னு ஆசை. எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் சுமார் 7,200 கிலோமீட்டர். செஸ்னா 172 என்ற சின்ன விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் போகிறது என்று வைத்தால் 36 மணி நேரம். நேர்கோட்டில் யாரும் போவதில்லை, எரிபொருளுக்கு இறங்க வேண்டும், மலைகளைச் சுற்ற வேண்டும். அதையும் சேர்த்தால் ஐம்பது மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் அப்படிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சூடானில் எங்கேயோ ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள். இந்தக் கண்டத்தின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். அதைக் கோடு போட்டுக் கடப்பதைவிட, நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அங்கே நிலம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும்வரை பறப்பதில்தான் சுவை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுதியவைதான்.

அப்போ முதல் தடவை எங்கிருந்து கிளம்பலாம்?

தயங்காமல் சொல்வேன்: நைரோபியின் வில்சன் விமான நிலையம். சஃபாரி முகாம்களுக்குச் சின்ன விமானங்கள் நிஜத்திலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. எழும்பியவுடன் தெற்கே நைரோபி தேசியப் பூங்கா விரியும். ஒரு பக்கம் நகரம், வேலியைத் தாண்டினால் புல்வெளி. தென்மேற்காகத் திரும்பினால் இருபது கிலோமீட்டரில் ங்கோங் குன்றுகள், சுமார் 2,460 மீட்டர். முகட்டில் காற்றாலைகள் நிற்கும். 9,000 அடிக்கு ஏறிக்கொண்டு முகட்டைக் கடங்கள்.

கடந்த உடனே ஜன்னல் வழியாகக் கீழே பாருங்கள். சற்று முன்புவரை காலுக்கடியில் இருந்த தரை காணாமல் போயிருக்கும். ஆயிரம் அடிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த நிலம் படிப்படியாக இறங்கி ஆறாயிரம், ஏழாயிரம் அடிக்குக் கீழே போய்விடும். இதுதான் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு. கண்டத்தின் ஓடு இழுபட்டு விரிவதால் நடுப்பகுதி கீழே இறங்கிய இடம். வடக்கு தெற்காக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நீளமான சுவர்கள் தெரிகிறதா? ஒவ்வொன்றும் ஒரு நிலப்பிளவு. எந்த வரைபடத்திலும் இது இவ்வளவு தெளிவாகப் புரியாது.

வில்சனிலிருந்து சுமார் 85 கிலோமீட்டரில் மகாடி ஏரி வரும். ஏரி என்றாலும் பெரும்பகுதி உறைந்த சோடா உப்பு, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். பக்கத்தில் சிறிய ஓடுதளம் உண்டு, முதல் நாளுக்கு அங்கே இறங்கினால் போதும். அடுத்த நாள் அங்கிருந்து தெற்கே நேட்ரான் ஏரியைத் தாண்டி ஓல் டோய்ன்யோ லெங்காய் எரிமலை வரை போகலாம், இன்னொரு நூறு கிலோமீட்டர். 2,962 மீட்டர் உயரக் கூம்பு. உலகில் கார்பனேட் குழம்பைக் கக்கும் உயிர்ப்புள்ள எரிமலை இது ஒன்றுதான். அந்தக் குழம்பு கறுப்பாக வெளியே வந்து, ஈரக்காற்று பட்டுச் சில நாட்களில் வெளுத்துவிடும். மலையின் தலை வெளிறித் தெரிவது அதனால்தான், பனி அல்ல.

வில்சன்ல ரன்வே முடியுற வரைக்கும் விமானம் எழும்பவே மாட்டேங்குது. சிமுலேட்டர்ல கோளாறா?

கோளாறு இல்லை, இயற்பியல். வில்சன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,550 அடியில் இருக்கிறது. வெயில் 25 டிகிரி அடித்தால் காற்று இன்னும் நெகிழ்ந்து, விமானத்தைப் பொறுத்தவரை 8,000 அடியில் நிற்பது போல ஆகிவிடும். இன்ஜினுக்குக் காற்று குறைவு, இறக்கைக்கும் குறைவு. சக்கரம் தரையை விட்டுக் கிளம்ப அதிக நீளம் தேவை. அடிஸ் அபாபா இன்னும் மோசம், அங்கே ஓடுபாதையே 7,600 அடிக்கு மேல்.

மிக்ஸ்சரைக் கவனியுங்கள், இன்ஜினுக்குப் போகும் காற்றில் எவ்வளவு எரிபொருள் கலக்க வேண்டும் என்பதை வைக்கும் குமிழ் அது. சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளி வைத்துக் கிளம்பும் பழக்கம் கடற்கரை ஊர்களுக்குச் சரி. இங்கே அப்படி வைத்தால் காற்றுக்கு அதிகமாக எரிபொருள் போய் இன்ஜின் திணறும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை முழுக்கக் கொடுங்கள். பிறகு மிக்ஸ்சரை மெதுவாக வெளியே இழுங்கள். சுழற்சி எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு இடத்தில் நின்று, இறங்க ஆரம்பிக்கும். அந்த உச்சத்துக்கு வந்து ஒரு துளி உள்ளே தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் பிரேக்கை விடுங்கள். டேங்க்கையும் பாதிதான் நிரப்புங்கள், மகாடிக்குப் போய் வர அதுவே தாராளம். இதெல்லாம் வேண்டாம் என்றால் மிக்ஸ்சரைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் உதவியை அமைப்புகளில் போட்டுவிடலாம்.

கிளிமஞ்சாரோ உச்சிக்கு மேல செஸ்னா 172-ல போக முடியலையே?

போகவே முடியாது. உச்சி 5,895 மீட்டர், அதாவது 19,341 அடி. 172 பதினாலாயிரம் அடிக்கு மேல் மூச்சு வாங்கும், காரணம் முந்தைய பதிலில் சொன்னதுதான். செஸ்னா கேரவன் மாதிரி டர்பைன் விமானம் எடுங்கள். நிஜ கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அதிகம் பறப்பது அதுதான்.

கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான். நேராகப் போனால் மலை வரும்போது நீங்கள் உச்சியைவிடத் தாழ்வாக இருப்பீர்கள். சமவெளியில் இரண்டு வட்டம் போட்டு உயரம் பிடித்துவிட்டுத் திரும்புங்கள். மலையைச் சுற்றி ஏறுவதே நல்ல காட்சிதான்: வயல், அடர்ந்த காடு, புதர், வெறும் பாறை, கடைசியில் பனி என்று அடுக்கடுக்காக மாறும். அந்தப் பனியைச் சிமுலேட்டர் தாராளமாகப் பூசிவிடுவது உண்டு. நிஜத்தில் 1912-ல் இருந்த பனிப்பாறையில் 80 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது.

எந்த உயரத்துல, எந்த நேரத்துல பறந்தா நல்லா இருக்கும்?

பொதுவாகத் தரையிலிருந்து 1,000 முதல் 2,000 அடி. சூரியன் தாழ்வாக இருக்கும் நேரம், அதாவது உதயத்துக்குப் பிந்தைய அல்லது மறைவுக்கு முந்தைய ஒரு மணி நேரம். நமீபியாவின் சோசுஸ்வ்லேயில் நடுப்பகலில் பறந்தால் எல்லாம் ஒரே சிவப்பு. காலையில் போனால் ஒவ்வொரு மணல்மேட்டின் முகடும் ஒரு பக்கம் ஒளி, ஒரு பக்கம் நிழல் என்று பிரியும். சௌசாப் என்ற வறண்ட ஆற்றின் மரக்கோட்டைப் பின்தொடருங்கள். மேடுகளுக்கு நடுவே வெள்ளைக் களிமண் தளத்தில் அது அப்படியே முடிந்துவிடும். கடலை நோக்கித் திரும்பினால் மணல் வெளிறிக்கொண்டே போகும். உள்நாட்டு மணல் நெடுங்காலமாகக் கிடந்து அதிலுள்ள இரும்பு துருவேறியதால் வந்த சிவப்பு அது. நேரடி வானிலையைப் போட்டிருந்தால் காலையில் வால்விஸ் பே பக்கம் மூடுபனி இருக்கலாம். குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் செய்கிற வேலை. உள்நாட்டிலிருந்து கிளம்பிக் கடலுக்குப் போவது பாதுகாப்பு.

உயரத்துக்கு விதிவிலக்கு மொரிட்டானியாவின் ரிச்சாட் வளையங்கள். குறுக்களவு சுமார் 40 கிலோமீட்டர். ஆயிரம் அடியில் பறந்தால் ஏதோ பாறை மேடுகள் என்று கடந்துவிடுவீர்கள். அடார் நகரிலிருந்து கிளம்பிப் பதினைந்தாயிரம் அடிக்கு மேல் ஏறினால்தான் வளையத்துக்குள் வளையம் புலப்படும். விண்கல் விழுந்த பள்ளம் என்று முன்பு நினைத்தார்கள். கீழிருந்து மேலே உப்பிய பாறைக் குவிமாடம் தேய்ந்து உருவானது என்பதே இன்றைய முடிவு.

விக்டோரியா அருவி போட்டோல பார்த்த மாதிரியே இல்லையே? சப்புன்னு இருக்கு.

உண்மைதான். அருவி சிமுலேட்டருக்குக் கடினமான விஷயம். தரையின் உயரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் என்றுதான் அது வைத்திருக்கிறது. 1,708 மீட்டர் அகலமும் 108 மீட்டர் ஆழமும் கொண்ட செங்குத்தான வெட்டு, அந்தக் கட்டங்களில் சாய்வான சரிவாக மழுங்கிவிடும். அதன்மேல் செயற்கைக்கோள் படத்தைப் போர்த்தும்போது அருவி தட்டையாகத் தெரிகிறது. சாரல் மேகத்தையும் எதிர்பார்க்காதீர்கள். அருவிக்கென்றே செய்த கூடுதல் காட்சித் தொகுப்பு கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

ஆனால் கூடுதல் தொகுப்பு இல்லாமலும் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அருவிக்குக் கீழே. லிவிங்ஸ்டன் விமான நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். அருவியைத் தாண்டியதும் ஜாம்பேசி ஆறு ஒரு பக்கம் போய், சட்டென்று மடங்கி, எதிர்ப்பக்கம் போய், மறுபடி மடங்கும். எரிமலைப் பாறையில் இருந்த பழைய விரிசல்களில் ஆறு அறுத்த வழி அது. குறுக்காகக் கிடக்கும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு காலத்தில் அருவி விழுந்த விளிம்பு. அருவி கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றின் மேல்பக்கம் பின்வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசிப் பள்ளத்திலிருந்து மேல்நோக்கிப் பறந்து வாருங்கள், 1905-ல் திறந்த பாலத்தைத் தாண்டினால் இன்றைய அருவி. இந்த வரிசை புரிந்த பிறகு அந்த இடம் சப்பென்று தெரியாது.

சில இடத்துல மலை ஓட்டையா, முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. ஏன்?

பல சிமுலேட்டர்களின் உயரத் தரவுக்கு அடிப்படை 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாட்கள் பறந்து ரேடார் மூலம் எடுத்த அளவீடு. ஆப்பிரிக்கா முழுவதும் அதில் அடங்கும். ரேடார் பக்கவாட்டில் பார்ப்பதால் செங்குத்தான பள்ளங்களின் மறுபக்கம் நிழலில் விழுந்துவிடும். காய்ந்த மணலில் போதிய எதிரொலி வராது. அப்படி விடுபட்ட இடங்களைப் பிற்பாடு நிரப்பினார்கள். நிரப்பியது சரியில்லாத இடத்தில்தான் அந்த முட்கள். எத்தியோப்பியாவின் சிமியன் மலைகள் மாதிரிச் செங்குத்தான இடங்களிலும் சஹாராவிலும் இதை எதிர்பார்க்கலாம்.

காங்கோ, காபோன் மேல தரை ஒட்டுப்போட்ட மாதிரி கலர் கலரா இருக்கே?

அங்கே ஆண்டு முழுக்க மேகம். மேகமில்லாத படம் கிடைப்பதே அரிது என்பதால் வெவ்வேறு நாளில் எடுத்த துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். சில துண்டில் மேகமே தரையில் படமாகப் பதிந்திருக்கும். அமைப்புகளில் எதை மாற்றினாலும் சரியாகாது. மாலை நேர ஒளியில், லேசான மேகத்தோடு பறந்தால் ஒட்டு அவ்வளவாகத் தெரியாது.

ஒகவாங்கோ டெல்டால தண்ணியே காணோம். படம் பழசா?

பழசு என்பதைவிட, வேறு பருவத்தில் எடுத்தது. தரைப்படம் ஒரு நாளில் உறைந்தது, நீங்கள் மாதத்தை மாற்றினாலும் அது மாறாது. போட்ஸ்வானாவின் இந்த டெல்டாவில் விசித்திரமே அதன் காலக்கணக்குதான். அங்கோலா மலைகளில் பெய்யும் மழை பல மாதங்கள் ஊர்ந்து வந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, உள்ளூரில் மழையே இல்லாத நேரத்தில் வெள்ளமாக விரியும். கடலைச் சேராமல் கலஹாரி மணலிலேயே ஆவியாகி முடிந்துவிடும்.

தண்ணீர் குறைவான படத்திலும் மௌன் நகரிலிருந்து வடமேற்கே பறந்து பாருங்கள். வட்ட வட்டமாகத் தீவுகள், ஓரத்தில் பச்சை வளையம், நடுவில் வெளிறிய திட்டு. பல தீவுகள் கறையான் புற்றிலிருந்து தொடங்கியவை. ஓரத்து மரங்கள் நீரை உறிஞ்ச, உப்பு நடுவில் சேர்ந்து அங்கே எதுவும் முளைப்பதில்லை.

யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் தெரியுமா?

மைக்ரோசாஃப்டின் 2024 பதிப்பில் விலங்குகள் உண்டு, இறங்கிப் படமெடுக்கும் பணிகளும் உண்டு. மற்ற சிமுலேட்டர்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். விலங்கு தேடி ஐம்பது அடியில் பறப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த உயரத்தில் தரைப்படம் உடைந்து தெரியும், நிலத்தின் அமைப்பும் கண்ணுக்குப் பிடிபடாது.

ஊரெல்லாம் ஐரோப்பா வீடு மாதிரி இருக்கே. அப்போ பார்க்கிறது நிஜ ஆப்பிரிக்காதானா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். நிலம் நிஜம், வீடுகள் பெரும்பாலும் நிஜம் அல்ல. கட்டடம் இருக்கும் இடத்தைத்தான் சிமுலேட்டர் அறிந்திருக்கிறது. அதன் வடிவத்தைக் கையிருப்பில் உள்ள பொது மாதிரிகளிலிருந்து எடுத்து வைக்கிறது. வட்டக் குடிசை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டு வீடு நிற்பது அதனால்தான். பெரிய நகரங்களுக்கும் பெரும்பாலும் இதே கதி.

எனவே ஊர் மேல் பறந்துவிட்டு அந்த ஊரைப் பார்த்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மலை, ஆறு, ஏரி, பாலைவனம் இவற்றை நம்பலாம். மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த நாட்டவர்கள் எடுத்த படங்களையும் காணொளிகளையும் பாருங்கள். பறப்பதற்கு முன் பார்த்தால் இன்னும் நல்லது.

ஏர்போர்ட் குறியீடு எல்லாம் எப்படி ஞாபகம் வைக்கிறது?

நான்கு எழுத்துக் குறியீட்டில் முதல் எழுத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எகிப்து முதல் தான்சானியா வரை கிழக்குப் பக்கம் பெரும்பாலும் ‘எச்’ (H). தெற்கே ‘எஃப்’ (F). அல்ஜீரியா, நைஜீரியா, கானா ‘டி’ (D). மொராக்கோ, செனகல், மொரிட்டானியா ‘ஜி’ (G). இரண்டாம் எழுத்து நாட்டைக் குறிக்கும்: எச்-கே (HK) என்றால் கென்யா, எச்-டி (HT) என்றால் தான்சானியா. பாதை போட லிட்டில் நேவ்மேப் என்ற இலவச மென்பொருள் நன்றாக உதவும், சின்ன மண் ஓடுதளங்களையும் காட்டும்.

ஜிபூட்டி பக்கம் ஆல்டிமீட்டர் தப்பா காட்டுது. தரையில இடிக்கப் போற மாதிரி இருக்கு, முள்ளு 700-ல நிக்குது!

உயரங்காட்டியில் தப்பில்லை, நீங்கள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டீர்கள். அசால் ஏரி கடல்மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே, அதாவது சுமார் 509 அடி. ஆப்பிரிக்காவின் மிகத் தாழ்ந்த இடம். ஏரிக்கு மேல் 200 அடியில் பறந்தால் உங்கள் உயரம் கழித்தல் 300. முள் பூஜ்யத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போவதால், நூறு நூறு அடியாகக் காட்டும் பெரிய முள் 7-ல் நிற்கிறது. ஆயிரங்களைக் காட்டும் சின்ன முள்ளைப் பாருங்கள், பூஜ்யத்துக்குச் சற்று இடப்பக்கம் இருக்கும். எண் திரை உள்ள விமானத்தில் கழித்தல் குறியோடு வரும். கிளம்பும்போது அதில் காற்றழுத்த அளவைச் சரியாக வைத்திருந்தீர்கள் என்றால் கவலை வேண்டாம்.

இறங்க ரொம்பக் கஷ்டமான இடம் ஒண்ணு சொல்லுங்க.

லெசோத்தோவின் மட்டேகானே. சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் 400 மீட்டர் ஓடுபாதை, முடிவில் சுமார் 500 மீட்டர் பாதாளம். மிக்ஸ்சர் பாடம் அங்கே முழுசாகத் தேவைப்படும். கிளம்பும்போது வேகம் போதாமல் விளிம்பைத் தாண்டினால் மூக்கைத் தூக்காதீர்கள். கீழே இருக்கும் காலி வெளியில் மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்து, பிறகு சமப்படுத்துங்கள்.

பழைய விமானிகள் போன வழியில போக முடியுமா?

தாராளமாக. பிரிட்டிஷ் விமானி ஆலன் காபம் 1925 நவம்பரில் லண்டனிலிருந்து கிளம்பிக் கேப் டவுன் போய் அடுத்த மார்ச்சில் திரும்பினார். சுவிட்சர்லாந்தின் வால்டர் மிட்டல்ஹோல்ட்சர் 1926 டிசம்பரில் மிதவை விமானத்தில் புறப்பட்டு, நைலையும் பெரிய ஏரிகளையும் படிக்கட்டாக வைத்து 1927 பிப்ரவரியில் கேப் டவுனை அடைந்தார். ஓடுபாதைகள் அரிதாக இருந்த காலத்தில் தண்ணீரே ஓடுபாதை.

எனக்குப் பிடித்தது 1948 முதல் 1950 வரை சவுத்தாம்ப்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து வால் அணை வரை ஓடிய சோலன்ட் பறக்கும் படகுச் சேவை. லக்சரில் நைல்மேல் இறங்கும், விக்டோரியா அருவிக்கு மேல்பக்கம் ஜாம்பேசிமேல் இறங்கும். முழு வழியையும் போக வேண்டாம், மிதவை பொருத்திய சின்ன விமானத்தில் அந்த ஜாம்பேசி இறக்கத்தை மட்டும் செய்து பாருங்கள். அருவிக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் மேலே, தீவுகள் இல்லாத நேரான நீர்ப்பரப்பைத் தேர்ந்தெடுங்கள். சிமுலேட்டரில் ஆற்றுநீர் சில இடங்களில் சரிந்து கிடக்கும் என்பதால் முதலில் தாழ்வாக ஒரு முறை கடந்து, பரப்பு சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.